தூதர் கூறும் மறுமொழி

திருக்குறளின் பொருட்பாலில் 69-ஆம் அதிகாரமாக நிற்பது தூது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதரை இருதிறத்தாராகப் பகுத்துக் காட்டுவர். சொல்ல வேண்டுவனவற்றைத் தானே ஆராய்ந்து வகுத்துக் கூறுவான் ஒருவன். தன் அரசன் கூறியதனையே சென்று கூறுவான் மற்றொருவன். பண்டைத் தூதன் மாற்றரசன் அவைக்களம் புகுந்து, கொண்டு சென்ற செய்தியை உரைத்து, விடைபெற்று மீண்டான். இக்காலத் தூதனோ வேற்று நாட்டுத் தலைநகரில் ஆண்டுக்கணக்காக வீடு கொண்டு வாழ்கின்றான். பல நாட்டாரும் கூடும் பேரவைகளில் இருக்கை பெற்று அமர்கின்றான். ஆதலின், செய்தி கூறுதலினும் அரிய பணியொன்று அவனைச் சார்ந்து நிற்கின்றது. தன் நாட்டின் கொள்கையைப் பிறநாட்டு அரசியலாளர் பழித்துரைக்கும்போது எழுந்து நின்று மறுமொழி கூறுதலே அப்பணியாகும்.

அம்மறுமொழி எத்தகையதாக இருத்தல் வேண்டும்? நாவன்மை ஒன்றே அதற்குப் போதுமா? குற்றச்சாட்டு முழுதும் பொய்யாயின் தூதனுக்கு இடர் சிறிதே. தக்க சான்று காட்டி அதனை மறுத்துவிடலாம். குற்றச்சாட்டில் உண்மை கலந்திருக்கும்போதுதான் அவன் நிலை இக்கட்டாகின்றது. அந்நிலையில் தூதர் கூறும் மறுமொழிகளை ஆராயின் அவை பெரும்பாலும் மூன்றாக அடங்கும். “இஃது எம் வீட்டுக் காரியம், கேட்க உமக்கு உரிமையில்லை” என்பது முதலாவது. “எம்மைப் பழிக்கும் நீர் மட்டும் குற்றமற்றவரோ?” என்பது இரண்டாவது. “நீர் கூறுவதில் உண்மை உண்டு, திருத்திக்கொள்வோம்” என்பது மூன்றாவது. இம்மூன்றனையும் ஒரே நாட்டின் பிரதிநிதிகள் முப்பது ஆண்டிற்குள் உலக அவையின்முன் கூறிய வரலாறு ஒன்று உண்டு. அது தென்னாப்பிரிக்காவின் வரலாறு. நம் மக்களும் அதில் கலந்திருத்தலின் அதனையே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையினின்று புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டத்தார் அவர். 1911-ஆம் ஆண்டு முடிய இவ்வாறு அங்குச் சென்றோர் 1,52,000-க்கு மேற்பட்டவர். அவருள் தமிழரும் தெலுங்கரும் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டு நிலம் வாங்கினர், கடை வைத்தனர், கோயிலும் பள்ளியும் எழுப்பினர். உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டா என்னும் மனப்பான்மை அப்போதே தலைகாட்டத் தொடங்கிற்று. வரியும், வாக்குரிமை மறுப்பும், குடியேற்றத் தடையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 1914 வரை இவற்றை எதிர்த்துப் போராடினமை யாவரும் அறிந்ததே.

1927-இல் இந்திய அரசாங்கமும் தென்னாப்பிரிக்க அரசாங்கமும் கேப்டவுன் உடன்படிக்கை எனப்படும் ஓர் ஏற்பாட்டிற்கு வந்தன. அதனைச் செயலிற் கொணர இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாகச் சென்றவர், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானிற் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அவர்தம் ஆங்கில நாவன்மை வெள்ளையரையும் வியக்கச் செய்தது. டர்பன் நகரில் இந்திய மாணவர்க்கென எழுந்த கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எனினும் சட்டங்களின் கடுமை குறைந்தபாடில்லை. 1946-இல் புதிய சட்டமொன்று பிறந்தது. நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர் குறிப்பிட்ட பகுதிகளுக்கு அப்பால் நிலம் வாங்குதலையும் குடியிருத்தலையும் அது தடுத்தது. அதற்கு ஈடாகச் சட்டசபையில் சில இடங்களை இந்தியர்க்கு அளிப்பதாகவும் கூறிற்று. ஆனால் அவ்விடங்களில் அமர்வோர் வெள்ளையராகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தது. இந்தியர் இதனை ஏற்க மறுத்து, அவ்வாண்டு ஜூன் திங்களில் சாத்வீக எதிர்ப்பைத் தொடங்கினர். அதே திங்களில் இந்தியா இவ்வழக்கை ஐக்கிய நாடுகள் சபையின்முன் வைத்தது.

அச்சபையோ அப்போதுதான் பிறந்த இளங்குழவி. 1945-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் எழுதப்பெற்ற அதன் சாசனத்தில் இரு கருத்துகள் அருகருகே அமைந்துள்ளன. மனிதனின் அடிப்படை உரிமைகளை இனம், பால், மொழி, மதம் என்னும் வேறுபாடின்றி எல்லா நாடுகளும் பேணல் வேண்டும் என்பது ஒன்று. ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்திற்கே உரிய காரியங்களில் சபை தலையிடலாகாது என்பது மற்றொன்று. இஃது இரண்டாம் விதியின் ஏழாம் பிரிவு. இப்பிரிவைத் தீயதென்று எண்ணிவிடலாகாது. வலிய நாடு எளிய நாட்டின் வீட்டிற்குள் ஏதேனும் ஒரு சாக்கிட்டுப் புகுதலைத் தடுக்கும் வேலி அது. பிறநாட்டு அரசியலாளர் எல்லாரும் அறத்தின் பொருட்டே பேசுவர் என்பதற்கில்லை. தம் நாட்டு வாக்காளரை மகிழ்விக்கவும், வாணிகப் பயன் கருதியும் பேசுவோர் பலர். ஆதலின் அவ்வேலி வேண்டுவதே. ஆனால் வேலிக்குள் நிகழ்வது யாது என்பதனை யார் கேட்பது? இதுவே 1946-இல் எழுந்த வினா.

இந்தியப் பிரதிநிதிக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார். இந்தியா அப்போது முழு விடுதலை பெற்றிலது. இடைக்கால அரசாங்கம் ஏற்பட்டுச் சில திங்களே ஆகியிருந்தன. எதிர்நின்றவரோ தென்னாப்பிரிக்காவின் பிரதம மந்திரி ஸ்மட்ஸ் தளபதி. அவர் கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்றவர். இரு பெரும்போர்களிலும் புகழ்பெற்றவர். மனித உரிமையைப் போற்றும் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை ஆக்குவதில் முன்னின்று உழைத்தவரும் அவரே. அத்தகையார் எழுந்து கூறிய மறுமொழி, நாம் முன்னர்க் குறித்த முதல் வகையது. இஃது எம் உள்நாட்டுக் காரியம். கேப்டவுன் ஏற்பாடு சட்டத்தாற் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையன்று. ஐயமிருப்பின் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம் என்பது அதன் சுருக்கம்.

இம்மறுமொழியில் சட்டநுட்பம் உண்டு. ஆயினும் அதன் அடியில் ஒரு பொத்தல் இருந்தது. ஒருவன் “இஃது என் வீட்டுக் காரியம்” என்று கூறுவானாயின், அவ்வீட்டில் வாழ்வார் அனைவரையும் அவன் வீட்டாராக எண்ணுதல் வேண்டும் அன்றோ? நேட்டாலில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த இந்தியர்க்கு, தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஆக்கும் மன்றத்தில் இடமில்லை. பெரும்பான்மையரான ஆப்பிரிக்க மக்களின் நிலை அதனினும் இழிந்தது. காரியத்தை முடிவுசெய்யும்போது அவர் வீட்டார் அல்லர். பிறர் வினவும்போது மட்டும் அது வீட்டுக் காரியம். இம்முரண்பாட்டை மறைக்க எந்த நாவன்மையாலும் இயலாது. பண்டிட் அம்மையார் வழக்கைச் சட்டச் சொற்களின் அளவில் நிறுத்தாது, உலகின் மனச்சான்றின்முன் வைத்துப் பேசினார். 1946 டிசம்பர் 8-ஆம் நாள் பொதுச்சபை வாக்கெடுத்தது. இந்தியர் நடத்தப்படும் முறை இரு அரசாங்கங்களின் ஏற்பாடுகட்கும் சாசனத்திற்கும் இயைய அமைதல் வேண்டும் என்னும் தீர்மானம் 32 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்த வாக்குகள் 15, நடுநின்றன 7.

வாக்கெடுப்பு முடிந்ததும் நிகழ்ந்த ஒன்றைப் பண்டிட் அம்மையார் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார். அவர் நேரே ஸ்மட்ஸ் இருந்த இடஞ்சென்று, தம் சொல் எதுவேனும் அவரைப் புண்படுத்தியிருப்பின் பொறுத்தருள வேண்டினாராம். வெற்றியினும் நெறி பெரிது என்னும் காந்தியடிகளின் அறிவுரையே அவரை அவ்வாறு செய்யத் தூண்டிற்று. ஸ்மட்ஸோ, இவ்வெற்றி உள்ளீடற்றதென்றும், இதனால் தாம் ஆட்சியை இழக்கக்கூடுமென்றும் கூறினாராம். அவர் கூற்றுப் பொய்க்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி தோற்றது. தம் தொகுதியிலும் அவர் தோற்றார். அடுத்து வந்த மலான் அரசாங்கம் இனவொதுக்கலையே தன் கொள்கையாக அறிவித்து, 1950-இல் வாழிடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டத்தை நாடு முழுமைக்கும் இயற்றிற்று. ஆகவே அவையில் பெறும் வெற்றி ஒருவன் வீட்டை உடனே திருத்திவிடாது என்பதும் நாம் கருதற்பாலது.

இனி, இரண்டாம் வகை மறுமொழியைக் காண்போம். 1960 மார்ச்சு 21-ஆம் நாள் ஷார்ப்வில் என்னும் ஊரில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது போலீசார் சுட்டனர். 69 பேர் மாண்டனர். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 1961 மே 31-இல் தென்னாப்பிரிக்கா குடியரசாகிக் காமன்வெல்த்தினின்றும் விலகிற்று. அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அதன் வெளிநாட்டு மந்திரி எரிக் லோ பொதுச்சபையில் எழுந்து பேசினார். தம் நாட்டைப் பழிக்கும் ஆப்பிரிக்க நாடுகளின் நிலையை எடுத்துக்காட்டி, அவற்றினும் தம் நாட்டுக் கறுப்பின மக்கள் வசதியுடன் வாழ்கின்றனர் என்று வாதித்தார். சபை வெகுண்டது. அவர் பேச்சைக் குறிப்பேட்டினின்றே நீக்கவேண்டும் என்று லைபீரியாவின் பிரதிநிதி முதலிற் கோரினார். முடிவில் அப்பேச்சைக் கண்டிக்கும் தீர்மானம் 67 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்த வாக்கு ஒன்றே, நடுநின்றன 20.

லோ கூறிய கணக்குகளிற் சில மெய்யாகவே இருந்திருப்பினும் அவை விடையாகா. பசிக்கு உணவிட்டேன், ஆகவே வாயைக் கட்டினேன் என்பது நியாயமாகுமோ? அண்டை வீட்டான் கடனாளியாயிருத்தல் என் கடனை அடைத்துவிடுமோ? பிறன் கண்ணிலுள்ள துரும்பைத் தேடுவோன் தன் கண்ணிலுள்ள உத்திரத்தைக் காணான் என்பது பழித்துரைப்பார்க்குக் கூறிய எச்சரிக்கை. அதனையே தன் உத்திரத்திற்குக் காவலாக எடுத்துக்கொள்ளுதல் அச்சொல்லை மாறுகோளாகப் பயன்படுத்துவதாகும். முதல்வகை மறுமொழியில் ஸ்மட்ஸுக்கு 15 வாக்குகளேனும் துணைநின்றன. இரண்டாம் வகையிலோ லோவின் பக்கம் ஒரு வாக்கே விழுந்தது. எனினும் அவர் கருத்தை ஏற்காதார் சிலரும், ஒரு நாட்டின் பிரதிநிதி தம் கருத்தைக் கூறும் உரிமையைச் சபை கண்டித்தல் தகுமோ என்று தயங்கினர். அத்தயக்கத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. மறுமொழியே கூறலாகாதென்று தடுக்கும் அவை நெடுநாள் அவையாக நில்லாது.

மூன்றாம் வகை மறுமொழி 1974-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவைச் சபையினின்றே விலக்க வேண்டும் என்னும் கோரிக்கை பாதுகாப்புச் சபையின்முன் இருந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் அந்நாட்டுத் தூதர் பிக் போத்தா பேசினார். எம் நாட்டில் வேற்றுமை காட்டும் வழக்கங்களும் உள்ளன, வேற்றுமை காட்டும் சட்டங்களும் உள்ளன என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இனமும் நிறமும் பற்றிய வேற்றுமையினின்று விலகத் தம் அரசாங்கம் தன்னால் இயன்றதனைத்தும் செய்யும் என்றும் உறுதி கூறினார். முன்னிருந்தோர் வாயில் வாராத சொல் அது. ஆறு நாட்கழித்து விலக்கல் தீர்மானத்திற்குப் பத்து நாடுகள் வாக்களித்தும், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகிய மூன்றும் தம் தனியுரிமையால் அதனைத் தடுத்துவிட்டன. ஆனால் நவம்பர் 12-ஆம் நாள் பொதுச்சபை, தென்னாப்பிரிக்கக் குழு தன் அமர்வில் இடம்பெறலாகாது என்று முடிவுசெய்தது.

உண்மையை ஒப்புக்கொண்டவர்க்கு இதுவோ பரிசு என்று சிலர் வினவலாம். அதற்கு விடையை வரலாறே கூறிற்று. 1976 ஜூன் 16-ஆம் நாள் சொவேட்டோ நகரில் பள்ளி மாணவர், தாம் வேண்டாத ஆப்பிரிக்கான்சு மொழியில் பாடம் கற்பிக்கப்படுதலை எதிர்த்து ஊர்வலம் வந்தனர். அச்சிறார்மீது துப்பாக்கி வெடித்தது. நம்மினும் இளையோர் பலர் அன்று வீழ்ந்தனர். வாழிடங்களைப் பிரித்த சட்டமும், பிறந்த குழவியை இனம்குறித்துப் பதிவுசெய்த சட்டமும் 1991-இல்தான் நீங்கின. தூதர் வாக்களித்ததற்கும் சட்டம் நீங்கியதற்கும் இடையே 17 ஆண்டுகள்! ஒப்புக்கொள்ளுதல் நன்றே, ஆனால் அது கடன் பத்திரத்திற் கையொப்பம் இடுவது போல்வது. பத்திரம் எழுதிய நாளில் கடன் அடைந்துவிடாது. 1994 ஏப்ரலில் எல்லா இனத்தாரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் தென்னாப்பிரிக்கப் பிரதிநிதிகள் பொதுச்சபையில் மீண்டும் அமர்ந்தனர். அன்று அவர்க்கு வேறு மறுமொழி எதுவும் வேண்டியிருந்ததில்லை. மண்டேலாவின் மந்திரிசபையில் அதே பிக் போத்தாவும் ஒரு மந்திரியாக இடம்பெற்றார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நிற்க. பிறர் வரலாற்றைக் கூறி, நம் வரலாற்றைக் கூறாது விடுதல் நடுவுநிலையாகாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடிற்று. கூடிய இடம், ட்ரூரோ கப்பல் நம் மக்களை இறக்கிய அதே டர்பன் நகரம். சாதியால் விளையும் இழிவையும் அம்மாநாடு ஆராய வேண்டும் என்று நம் நாட்டுத் தலித் மக்களின் அமைப்புகள் பல அங்குச் சென்று குரல் கொடுத்தன. இந்தியப் பிரதிநிதிகள், சாதி இனமன்று என்றும், அதனைக் களைய எம் அரசியற் சட்டமே வழிவகுத்துள்ளது என்றும், இது பன்னாட்டு அவைக்கு உரிய பொருளன்று என்றும் மறுமொழி கூறினர். மாநாட்டின் முடிவுரையிற் சாதி என்னும் சொல் இடம்பெறவில்லை. 1946-இல் ஸ்மட்ஸின் வேலியைத் தாண்டி வழக்குரைத்த நாடு, 2001-இல் தன் வேலியருகே நின்றது.

இவ்விரண்டும் ஒன்றோ என்றால், ஒன்றல்ல. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியற் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஒடுக்கப்பட்டோர்க்கு வாக்குண்டு, சட்டமன்றங்களில் ஒதுக்கிய இடங்களுண்டு, நீதிமன்றத்தின் கதவுண்டு, 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இயற்றப்பெற்றது. அவர் வீட்டாராக எண்ணப்பட்டனர். ஆகவே “எம் வீட்டுக் காரியம்” என்னும் சொல் ஸ்மட்ஸ் வாயினும் நம் தூதர் வாயில் பொருளுடையதாக இருந்தது. ஆனால் அவ்வீட்டாரே கடல் கடந்து சென்று பிறரிடம் முறையிட்டனர் எனின், வீட்டிற்குள் அவர் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது பெறப்படும் அன்றோ? நம் தூதர் அன்று கூறியதும் ஒரு கடன் பத்திரமே. ஒருவன் கிணற்றில் நீர்மொள்ளத் தடையுண்டு என்று கேட்கும் ஒவ்வொரு நாளும் அப்பத்திரத்திற்கு வட்டி ஏறுகின்றது.

இதுகாறும் ஆராய்ந்தவாற்றால் பெறப்படுவன யாவை? உள்நாட்டுக் காரியம் என்னும் மறுமொழி, நாட்டில் வாழ்வார் அனைவரும் வீட்டாராக எண்ணப்படும் இடத்து மட்டுமே தகுதியுடையது. பழித்தவனைப் பழித்தல் மறுமொழியே ஆகாது. உண்மையை ஒப்புதல் சிறந்தது. எனினும் செயல் பின்வாராவிடின் அதுவும் சொல்லளவே. பழித்துரைக்கும் பிறநாட்டார்க்கும் ஒரு கடமையுண்டு. அவர் கையில் மாசிருத்தலால் அவர் காட்டும் குற்றம் பொய்யாகிவிடாது; ஆயினும் பிறன் வீட்டின் கதவைத் தட்டுமுன் தன் வீட்டின் கதவையும் திறந்து வைத்தலே அறம். வாக்கில் வென்றபின் பண்டிட் அம்மையார் ஸ்மட்ஸிடம் சென்று நின்ற நிலை, பழித்துரைப்பார் யாவரும் கற்கவேண்டிய பாடமாகும்.

தூதன் பெரும்பாலும் கூறியது கூறுவானே. வகுத்துக் கூறும் ஆற்றல் எத்துணைப் பெற்றவனாயினும், வீட்டில் இல்லாத நன்மையை அவையில் அவன் உண்டாக்க இயலாது. ஸ்மட்ஸின் சட்ட அறிவும் சாஸ்திரியாரின் நாவன்மையும் தம் எல்லையைக் கண்டது அவ்விடத்தேதான். ஆதலின் தூதன் கூறும் மறுமொழியை ஆக்குவோர் தலைநகரிலிருந்து ஓலை விடுக்கும் மந்திரிமார் மட்டுமல்லர். ஊர்க்கிணற்றிலும், பள்ளிப் பந்தியிலும், தேர்தற் சாவடியிலும் நாம் ஒருவரையொருவர் நடத்தும் முறையே அம்மறுமொழியின் முதற் படியாகும். நம்முடன் பயிலும் நண்பருள் சிலர் நாளை நம் நாட்டின் தூதராகச் செல்லவுங் கூடும். அவர் அயலார் அவையில் எழுந்து நிற்கும் அந்நாளில், தலைகவிழாது கூறத்தக்க மறுமொழி ஒன்றை அவர்க்கு ஆக்கி வைப்பது, இங்கேயே தங்கும் ஏனையோராகிய நம் கடன்.